கேட்டைத் தொறங்கண்ணா

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, டிபன் பாக்ஸ் கழுவிய ஈரம் கையில் இருக்கும்போதே நாங்கள் எல்லோரும் பனியன் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டோம். திருப்பூர் பக்கத்து அருள்புரத்தின் வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. இரும்புக் கேட் பூட்டியிருந்தது.

டெய்லர் செல்வி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் அதிகமாகிவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரி கம்பெனிக்கு போன் செய்திருந்தாள். ஷிப்மெண்ட் முடியும்வரை யாரையும் வெளியே விடக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தாலே எங்கள் கம்பெனியில் அப்படித்தான். ஆள் உள்ளே வந்ததும் பூட்டு விழும்.

யாரும் சத்தம் போடவில்லை. கட்டிங் செக்‌ஷன் பக்கமிருந்து ஒரு பெண் மெதுவாகப் பாட்டை எடுத்துக் கொடுத்தாள்.

*கேட்டைத் தொறங்கண்ணா*
*ஊட்டுக்குப் போகோணும்*
*போட்ட சோறு ஆறுமுன்ன*
*போயிச் சேரோணும்*

அது எங்கள் பாட்டு. 'காஜா பட்டன்' என்ற எங்கள் பேண்டின் பாட்டு. முதல் தடவை சிலர் பாடினார்கள். அடுத்த தடவை எல்லோரும் பாடினார்கள். என் முதுகில் யாரோ கை வைத்து, "நீங்க எடுத்துப் பாடுங்க்கா, நாங்க பின்னால வர்றோம்" என்றார்கள். மேடையில் பாடியதைவிடத் தாழ்ந்த குரலில் பாடினேன். காலையிலிருந்து செக்கிங் டேபிளில் நின்றதில் தொண்டை முழுக்கப் பஞ்சுத் தூசு.

வயதான வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்தார். அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பாட்டு அவரிடம் கேட்பது போலத்தானே இருக்கிறது.

"எங்கிட்டப் பாடி என்னங்க பண்றது? சாவி மேல இருக்குதுங்க" என்றார்.

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. மாடி ஆபீஸ் ஜன்னலில் பெரிய முதலாளி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் பிரபு. எங்கள் பேண்டில் பேஸ் கிதார் வாசிப்பவன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டான்.

எந்தப் படமுங்க?

நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு தோழி போனில் கேட்டாள். "உங்க பேண்டு நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? ஏன் நின்னுபோச்சு?" எல்லோரும் கேட்கிற கேள்விதான். முதலாளி மகனுக்கும் தொழிலாளிகளுக்கும் சண்டை, அதனால் உடைந்தது என்று சிலர் தாங்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பதில் கேட்க நன்றாக இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். என் அண்ணன் ஜெபராஜ் கிதார். ஊரில் சர்ச் பாடகர் குழுவில் கற்றுக்கொண்டது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து நாங்கள் குடும்பத்தோடு திருப்பூர் வந்தபோது, அண்ணன் தோளில் கிதாரும் என் மடியில் பிரஷர் குக்கரும் இருந்தன. அவன் ஓவர்லாக் டெய்லர். நான் செக்கிங், பிசிறு நூலை வெட்டிப் பிழை பார்க்கிற வேலை.

டிரம்ஸ் மயில்சாமியண்ணன். சாமளாபுரத்துக்காரர். தறி ஓட்டுகிறவர். அதற்கு முன்பு திருவிழாக்களில் ஜமாப் மேளம் அடித்தவர். டிரம்ஸ் செட்டின் முன்னால் உட்கார வைத்தாலும் கை அந்த அடியைத்தான் அடிக்கும். அண்ணன் அதை மாற்றச் சொல்லவில்லை. "அந்த அடியிலயே கிதாரை ஓட்டிப் பாப்பம்" என்றான். அதன் மேல் நான் பாடினேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் துக்க வீட்டில் இழுத்துப் பாடுவார்களே, அந்த இழுப்பு என் குரலில் தானாக வரும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஏதோ ஒன்று கிடைத்தது. அதற்கு என்ன பேர் என்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் வாசித்தபோது, மைக் பிடித்த பையன் எங்களை 'ரூட்ஸ் ராக்' குழு என்று அறிமுகப்படுத்தினான். மயில்சாமியண்ணன் என் காதருகில் குனிந்து, "எந்த ரூட்டுங்க மெர்சி? பல்லடம் ரூட்டா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பில் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

எல்லா மேடையும் அப்படி இல்லை. கணியூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு எங்களை ஆர்கெஸ்ட்ரா என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பாட்டு வரை பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு முன் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து மேடையருகே வந்தார்.

"பாட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எந்தப் படமுங்க?"

"படம் இல்லீங்கய்யா. நாங்களே போட்டது."

"அப்படீங்களா. படம் வந்ததும் பாக்கறமுங்க."

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். இலை போட்டு, நாங்கள் சாப்பிடும்வரை பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டார்.

நான்காவது ஆள்

பிரபு எங்களோடு சேர்ந்தது அவனாக வந்து கேட்டதால்தான். ஒருநாள் லஞ்ச் நேரத்தில் அண்ணன் தன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேபிளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சின்ன முதலாளி வருவதைப் பார்த்து எழுந்தான். பிரபு அவனை உட்காரச் சொல்லிவிட்டு, "எங்கிட்ட ஒரு பேஸ் கிதார் இருக்குதுங்க. கூட வாசிக்கத்தான் ஆள் இல்லீங்க" என்றான்.

'பேர் சொல்லிக் கூப்பிடுங்க' என்று அவன் எத்தனையோ முறை சொன்னான். அண்ணன் கடைசிவரை 'தம்பி'தான். மயில்சாமியண்ணனுக்கு 'சின்னவரு'. நான் மட்டும் பிரபு என்று கூப்பிட்டேன். அதுவும் கம்பெனிக்கு வெளியேதான்.

மாடியில் துணி குடோன் சாவி அவனிடம் இருந்தது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஆராதனை முடிந்ததும் நாங்கள் அங்கே போய்விடுவோம். சுற்றிலும் சுவர் உயரத்துக்குத் துணி ரோல்கள். எவ்வளவு அடித்தாலும் சத்தத்தைத் துணி குடித்துவிடும். கீழே ரோட்டில் போகிறவருக்கு ஏதோ தூரத்தில் மழை பெய்வதுபோலத்தான் கேட்குமாம். சாயம் போட்டு வந்த புதுத் துணியின் புளித்த வாடையில் பாடிப் பாடி, இன்றைக்கும் அந்த வாடை பட்டால் எனக்குச் சுருதி ஞாபகம் வருகிறது.

'கேட்டைத் தொறங்கண்ணா' அங்கேதான் பிறந்தது. எழுதியது பிரபு.

ஆறாம் வகுப்பில் அவனை ஊட்டிப் பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்களாம். அப்பாவின் கார் மலை இறங்குகிற வளைவு வரைக்கும் அவன் கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். அங்கிருந்த வாட்ச்மேனிடம் தினமும் போய்க் கேட்பானாம், கேட்டைத் தொறங்கண்ணா என்று. "அவரு ஒருநாளும் திட்டலீங்க. மிட்டாய் குடுத்துத் திருப்பி அனுப்பிருவாரு" என்று சொல்லிவிட்டு நாலு வரியைப் பாடிக் காட்டினான். அவனுக்குக் குரல் கிடையாது. நான் திருப்பிப் பாடியதும் பேஸ் கிதாரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். சிடியைப் போடுவதற்குக் கட்டிங் வேஸ்ட் துணியில் அண்ணன் பை தைத்தான். பனியன் கழுத்தில் வைப்பதுபோல ஒரு லேபிள், அதில் 'காஜா பட்டன்', கீழே 'வெயிலில் உலர்த்தவும்'. யார் பேரும் போடவில்லை. ஆளுக்கு ஆள் கொடுத்தோம். எங்கள் கம்பெனி வேன் டிரைவருக்கும் ஒன்று. அவர் அதைக் காலையும் சாயங்காலமும் வண்டியில் ஓடவிட்டார். அந்த வேனில் வந்துபோகிறவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆனது அப்படித்தான். எழுதியது ஜெபராஜ் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பனியன் கம்பெனியில் கேட்டைத் திறக்கச் சொல்லி வேறு யார் எழுதுவார்?

சாவி

ஜன்னலிலிருந்து பிரபு நகர்ந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் சாவியோடு இறங்கி வந்தார். செல்விக்கு மட்டும் கேட்டைத் திறந்தார். அவள் ஓடினாள். "மத்தவங்கெல்லாம் போய் வேலயப் பாருங்க" என்றார். நாங்கள் திரும்பி உள்ளே போனோம். அவ்வளவுதான். இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. மிச்சம் இருந்த பீஸ்களை முடித்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தோம்.

அண்ணன் சாப்பிடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அவன் பாட்டுதான? கீழ எறங்கி வந்து நின்னா என்னட்டி? ஒரு நிமிசம் நிக்கக் கூடாதா?"

"அவங்க அப்பா பக்கத்துல நிக்காரு. எப்படி வருவான்?"

"நமக்கும்தான் அப்பா இருக்காரு. ரெண்டு பேருக்கும் வேல போச்சுன்னா அவருக்கு என்ன பதில் சொல்லுவ?"

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். கால் வலித்தது. அதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டார்கள். பெரிய முதலாளி நாற்காலியில் இருந்தார். பிரபு சுவரோரம் நின்றான். முகம் கழுவாத மாதிரி இருந்தது. மேனேஜர்தான் ஆரம்பித்தார். "இவங்க ரெண்டு பேருந்தானுங்க தூண்டி உட்டது. பாட்டே இவரு கட்டுனது."

பெரியவர் கையால் அவரை நிறுத்தினார். அண்ணனைப் பார்த்து, "பாட்டு நீங்க கட்டுனதுங்களா?" என்று கேட்டார். கோபத்தில்கூட அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் தரையைப் பார்த்தான். அவன் உதடு பிரிவதைப் பார்த்தேன். ஆமா என்று சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவனை எனக்குத் தெரியும்.

"நானுங்கப்பா எழுதுனது" என்றான் பிரபு.

பெரியவர் திரும்பவில்லை. "நீ எதுக்குடா எழுதறே? உன்னய யாரு இங்க பூட்டி வெச்சா?"

"இங்க இல்லீங்கப்பா. ஊட்டில."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி டேபிளில் வைத்தார்.

"நல்ல ஸ்கூலுன்னுதான சேத்துனேன்?"

"நல்ல ஸ்கூலுதானுங்க. நா தெனமும் கேட்டுக்கிட்ட நின்னேன். அதத்தான் எழுதுனேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீங்க வரும்போது சொல்லோணும்னு நெனப்பேனுங்க. உங்களப் பாத்ததும் மறந்துருமுங்க."

அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், "இனிமே ஞாயித்துக்கெழம கேட்டப் பூட்ட வேண்டாமுங்க. போறவங்க சொல்லிட்டுப் போகட்டும்" என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஷிப்மெண்டைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பெரியவர் சொல்லிவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டு நல்லா இருக்குது கண்ணு. குரலும் நல்லா இருக்குது. இங்க மட்டும் இனிமேப் பாட வேண்டாம்."

பிரபு சட்டைப் பையிலிருந்து குடோன் சாவியை எடுத்து டேபிளில் வைத்தான்.

படியிறங்கும்போது அண்ணன், "நம்மள வேலய விட்டு நிப்பாட்டலயே" என்றான். அதைக் கேட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. வேலை இருந்தது. கேட் திறந்திருந்தது. பாடுவதற்கு இடம் இல்லை.

தறிக்குடோன்

மயில்சாமியண்ணன்தான் வழி சொன்னார். "ஞாயித்துக்கெழம எங்க தறி ஓடாதுங்க. வந்து வாசிங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்தில் அவர் தறிக்குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பிரபு வருவான் என்று நான் மட்டும் நினைத்தேன். அவன் பைக்கில் வந்தான். முதுகில் பேஸ் கிதார், பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி. அண்ணன் போய்க் கயிற்றை அவிழ்த்தான். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கிப் போனார்கள். அன்றைக்கு வேறு சமாதானம் எதுவும் நடக்கவில்லை. அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு சில வருடங்கள் ஓடின. நன்றாகத்தான் வாசித்தோம். இன்னும் சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாக வாசித்தோம். பெங்களூரில் ஒரு அரங்கில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் டிரம்ஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்து போனோம். கறுப்பு டி-ஷர்ட் போட்ட பிள்ளைகள் மேடையை ஒட்டி நின்று ஆடினார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட 'ஊட்டுக்குப் போகோணும்' என்று கத்தினார்கள். நான் பாடிக்கொண்டே முன்னால் நின்ற பையனின் தோள் தையலில் நூல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கத்திரி கையில் இருந்தால் குனிந்து வெட்டியிருப்பேன்.

முடிந்ததும் அரங்கை நடத்துகிற தமிழர் ஒருவர் வந்தார். "ஆறு மாசம் இங்கேயே தங்குங்க. வாரா வாரம் மேடை தர்றேன். இங்கே கேக்கிறதுக்கு ஆள் இருக்கு" என்றார். அப்படி ஒருவர் வருவார் என்று எவ்வளவோ நாள் பேசியிருக்கிறோம். வந்தபோது நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பாத்துச் சொல்றோமுங்க" என்றார் மயில்சாமியண்ணன்.

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். மயில்சாமியண்ணனுக்குத் தறி இருந்தது, மூன்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அண்ணனுக்கு அப்போதுதான் லைன் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரபுவால் போயிருக்க முடியும். அவனும் எங்களைப் போலவே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். முடியாது என்று யாரும் அந்த அரங்கக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே நாட்கள் போய்விட்டன.

அலுப்பு

பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்த காலம் வந்தது. வேலை குறைந்தால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. ஆளைக் குறைத்தார்கள். மிஞ்சியவர்கள் ஆளுக்கு இரண்டு பேர் வேலையைப் பார்த்தோம். பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய், பிரபு அந்த நாற்காலிக்கு வந்துவிட்டான். காலையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவான். ஆர்டர் கொடுக்கிற பையரோடு போனில் ஆங்கிலத்தில் கெஞ்சுவது செக்கிங் வரை கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன. வாரா வாரம் இருந்தது மாதம் ஒருமுறை ஆனது. புதுப் பாட்டு வரவில்லை. பழைய பாட்டை வாசித்தால் விரல் தானாகப் போனது, மனசு வேறெங்கோ இருந்தது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சண்டைக்கும் தெம்பு வேண்டுமே.

கடைசியாகச் சேர்ந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மழை வரும்போலிருந்த ஒரு மத்தியானம். தறிக்குடோனுக்குள் நிறுத்தி வைத்த தறிகளின் எண்ணெய் வாடை. ஓரத்தில் காடாத் துணியை மடித்து அடுக்கியிருந்தார்கள். மயில்சாமியண்ணன் டிரம்ஸை மாட்டினார். அண்ணன் சுருதி கூட்டினான். பிரபு வயரைச் சொருகிவிட்டு, "ரெண்டு நிமிசமுங்க" என்று சொல்லித் துணி அடுக்கின் மேல் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். துணி குளிர்ச்சியாக இருந்தது. முதுகைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கிதார் அவன் நெஞ்சின் மேல் கிடந்தது. மயில்சாமியண்ணன் டிரம்ஸுக்குப் பின்னாலேயே தரையில் சுருண்டிருந்தார். பிரபு, அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி, காலைக் குறுக்கி, கையைத் தலைக்கு வைத்து, ஹாஸ்டல் பையன் மாதிரி தூங்கினான். ஸ்பீக்கர் பெட்டி மட்டும் விழித்திருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நான் யாரையும் எழுப்பவில்லை. அவ்வளவு நாளில் அவர்கள் மூன்று பேரும் இப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மழை விட்டதும் மயில்சாமியண்ணனின் சம்சாரம் தட்டில் டீயோடு வந்தார். டம்ளர்கள் உரசிய சத்தத்தில் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தோம். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

"பாட்டுச் சத்தமே கேக்கலீங்களே" என்றார் அந்த அக்கா. "முடிஞ்சுதுங்களா?"

பிரபு டீயை வாங்கிக்கொண்டான். கன்னத்தில் துணி மடிப்பின் கோடு பதிந்திருந்தது.

"முடிஞ்சுதுங்க்கா" என்றான்.

நாங்கள் டீயைக் குடித்தோம். அண்ணன் குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.